செஞ்சியைப் படிக்கும் முறை

அரபு மொழியில் ‘அதர்’ என்றால் சுவடு. தொல்லியலை ‘இல்முல் ஆதார்’, அதாவது சுவடுகளின் கல்வி என்று அம்மொழியார் வழங்குவர். பழந்தமிழிலோ ‘அதர்’ என்பது வழி. இரு சொற்களுக்கும் உறவில்லை. எனினும் கோட்டைகளைப் பற்றி எழுதுவோர் இரண்டையும் சேர்த்தே காண வேண்டும் என்பது நம் கருத்து. சுவட்டைப் பார்த்து, வழியையும் நீரையும் விட்டுவிடுவது நம் வரலாற்று எழுத்தின் பழங்குறை.

செஞ்சியையே எடுத்துக்கொள்வோம். 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் ஆங்கில நூல், அதனை ஆண்டோரின் வரலாறு. நாயக்கருக்குப் பின் 1649-ல் பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, நெடிய முற்றுகைக்குப் பின் 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறியது. அரசர் மாறினர், மலை மாறவில்லை. அனைவரும் அதே மலையை ஏன் நாடினர் என்பதே எஞ்சும் வினா.

விடை நிலத்தில் இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதில் இணைக்கிறது. இடையே குளங்களும் களஞ்சியங்களும் உள்ளன. பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் 2005-ல் வெளிவந்த தம் நூலில் அரண்களின் கட்டுமானத்தையும் நீரமைப்பையும் ஆராய்ந்தார். அரசர் பெயரைக் கேட்பதற்கு முன் கல்லைக் கேட்ட அந்த முறையை நாம் போற்றுகிறோம்.

2025-ல் யுனெஸ்கோ ‘மராத்தியப் படைநில அமைப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. ‘நிலம்’ என்னும் சொல்லை வரவேற்கிறோம், அடைமொழியோ குறுகியது. மராத்தியர் அங்கிருந்தது சுமார் 21 ஆண்டுகள். அம்மதிலுக்குள் நாயக்கர் கால வேங்கடரமணர் கோயிலும், 1717-18-ல் எழுந்த சஆதத்துல்லா கான் பள்ளிவாசலும் நிற்கின்றன. 1714-ல் மாண்ட தேசிங்கையும் தோழன் மோவத்துக்கானையும் நாட்டுப்பாடல் பிரித்துப் பாடவில்லை. பள்ளிவாசலை மட்டும் எழுதிக் கோயிலை விடும் நம்மவர்க்கும் இக்கண்டனம் பொருந்தும்.

நாம் வாழும் சேதராப்பட்டும் இப்பாடத்தின் ஒரு பக்கமே. புதுவை நிலம் தமிழ்நாட்டு ஊர்களிடையே துண்டு துண்டாய்க் கிடப்பது இயற்கையின் செயலன்று. படையும் உடன்படிக்கையும் வரைந்த கோடு அது. அருகேயுள்ள வழுதாவூர்க் கோட்டையை 1760-ல் ஆங்கிலேயத் தளபதி கூட் கைப்பற்றியது புதுச்சேரியை நெருக்கவே. வில்லியனூரில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தின் முன் திருக்குளம் ஒன்று இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வந்த வழிபாடும் இம்மண்ணில் குளக்கரையையே தேடிற்று. ஹவுளில் ஒளூச் செய்யும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைச் சட்டம் தடைப்பகுதியாக்குகிறது. அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குக்குள் வைக்கிறது. ஏரிக்கால்வாயும் பழைய பாதையும் அந்த அளவோடு முடிவதில்லை. கால்வாய் தூர்ந்தால் கோட்டைக் குளம் ஏன் அங்கே வெட்டப்பட்டது என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. ஆகவே செஞ்சியைப் பற்றி இனி எழுதுவோர் அரசர் பட்டியலோடு நீரோட்ட வரைபடம் ஒன்றையும் தர வேண்டும். அஃதில்லாத நூலை நாம் பாதி நூலென்றே கொள்வோம்.