ஒரு மீட்டர் யாருக்குப் போதும்?

2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி மரங்களுக்காக ஓர் உத்தரவு போட்டது. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்க வேண்டும். நல்ல உத்தரவு, தேவையான உத்தரவு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு மீட்டரை நாம் எங்கெல்லாம் கொண்டுபோய் வைத்தோம் என்பதில்தான் என் சண்டை.

ஏற்கெனவே கழுத்து இறுகிய மரத்துக்கு மூச்சு விடக் கொடுத்த இடம் அது. புதிதாகப் பள்ளம் தோண்டுகிறவருக்குப் போட்ட எல்லைக்கோடு அல்ல. ஆனால் நான் பார்த்த வடிகால் வேலைகளில், அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஜேசிபியை இறக்கிவிட்டு, "மரத்தைத் தொடவே இல்லையே சார்" என்கிறார்கள். தொடவில்லைதான். வேரை மட்டும் ஒரு பக்கம் முழுக்க அறுத்தாயிற்று!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டனின் பிஎஸ் 5837 என்ற தரவிதி (2012 பதிப்பு), தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதன் 12 மடங்கை ஆரமாக வைத்து வட்டம் போடச் சொல்கிறது. 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 7.2 மீட்டர் ஆரம், சுமார் 163 சதுர மீட்டர். நம்முடைய ஒரு மீட்டர் வளையமோ அதே மரத்துக்குச் சுமார் 5 சதுர மீட்டர்தான் தருகிறது. நூற்றுக்கு மூன்று.

12 மடங்கு ஒன்றும் வேதவாக்கு இல்லை. சாலையோர மரத்தின் வேர் வட்டமாகவா ஓடும்? ஒரு பக்கம் தார், இன்னொரு பக்கம் அஸ்திவாரம். வழி கிடைத்த பக்கம் நீண்டிருக்கும். அதற்கேற்ப வட்டத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்ள அந்தத் தரவிதியே இடம் தருகிறது. எனக்கு அதில் பிடித்தது எண்ணைவிட வரிசைதான்: முதலில் வேலி, பிறகுதான் இயந்திரம். உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் இருக்கின்றன. பள்ளமே தோண்டாவிட்டாலும், நிழல் இருக்கிறதே என்று மரத்தடியில் ஜல்லியைக் கொட்டி, லாரியை ஏற்றி இறக்கினால் மண் இறுகி, காற்றும் நீரும் உள்ளே இறங்காது. மரம் உடனே சாகாது. நாலைந்து வருஷம் கழித்து உச்சிக்கிளை காயும்; அதற்குள் ஒப்பந்ததாரர் பில் வாங்கிப் போயிருப்பார்.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தில்லியின் 1994 மரப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வெட்டுதல்' என்பதற்கான விளக்கத்திலேயே, மரத்துக்கு வேறு எந்த வகையில் சேதம் செய்வதும் அடங்குகிறது. வேரை அறுப்பதும் அதில் வரத்தானே வேண்டும்? ஆனாலும் கணக்கெடுக்கும்போது எத்தனை மரம் சாய்ந்தது என்று மட்டும்தான் எண்ணுகிறோம். மரத்துக்காகப் போராடுகிற நாமும்தான்.

உங்கள் தெருவில் வேலை ஆரம்பித்தால் ஒரு கயிறு போதும். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி அளந்து, அதே நீளத்தை நாலு முறை தரையில் போடுங்கள். விட்டத்தின் 12 மடங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். தோண்டுவதற்கு முந்தின நாளே அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு மேஸ்திரியிடம் காட்டுங்கள்.