பாட்டெழுதிப் பிழைத்தல்

திரைப்பாடல் இலக்கியமாகுமா என்னும் வினா நம் எழுத்தாளர் கூட்டங்களில் எழாத ஆண்டே இல்லை எனலாம். ஆகும் என்போர் பட்டுக்கோட்டையாரையும் கண்ணதாசனையும் எடுத்துக்காட்டுவர். ஆகாது என்போர் அண்மையில் வெளிவந்த ஏதேனும் ஒரு பாடலின் பல்லவியைப் படித்துக்காட்டி அவையைச் சிரிக்க வைப்பர். இரு சாராரும் செய்வது ஒன்றே. பாடலைத் தாளில் கிடத்திக் கவிதையை அளக்கும் கோலால் அளக்கின்றனர். பாடல் என்பது ஒரு கைவினை, அதற்கெனப் பயிற்சிக் காலமும் கூட்டாளிகளும் கூலியும் உண்டு என்னும் நோக்கில் எழுதப்பட்ட கட்டுரைகள் நம்மிடையே மிகச் சில. இது வெறும் ஆராய்ச்சிக் குறையன்று. பாட்டெழுதி வாழ விரும்பும் இந்நாட்டு இளைஞனுக்கு நம்மால் எதனையும் கற்றுக்கொடுக்க இயலாமற் போனதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் துணிபு.

முதலில் வினையை நோக்குவோம். பாட்டுக்கு மெட்டா, மெட்டுக்குப் பாட்டா என்னும் பழைய வழக்கை ஈண்டுத் தீர்க்க வேண்டியதில்லை. இரண்டும் நடந்துள்ளன, தமிழ்த் திரையில் பிற்காலத்தே மெட்டுக்கு எழுதுவதே பெருவழக்காயிற்று. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் ஓசையை மட்டும் பாடிக்காட்ட, அதன்மேல் சொல்லை ஏற்றுவது கவிஞனுக்கு இழிவு என்று கருதுவோர் இன்றும் உளர். அவர்கள் திருப்புகழை மறந்தவர்கள். அருணகிரிநாதரின் சந்தக் குழிப்புகளில் சொல் விழுந்திருக்கும் முறையை ஒருமுறை அசை பிரித்துப் பார்த்தவர், மெட்டுக்கு எழுதுவதைத் தாழ்வாகப் பேசமாட்டார். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் இவ்வழிப்பட்டதே. ஓசை முன்னே நிற்கச் சொல் பின்னே வந்து அதில் குடியேறுவது தமிழுக்குப் புதிதன்று.

ஆயினும் குடியேறுவதற்குச் சட்டம் உண்டு. நம் மொழியில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுவன. மெட்டு நீளும் இடத்தில் குறிலை வைத்தால் பாடுபவர் அதனை நீட்டியே ஆகவேண்டும். நீட்டினால் 'கல்' 'கால்' ஆகும். 'விடு' 'வீடு' ஆகும். காதலி சிரித்தாள், பல் தெரிந்தது என்று எழுதினான் ஒருவன். கேட்டவர் காதில் விழுந்ததோ பால். வல்லின மெய்யில் குரலை நிறுத்தலாமேயன்றி நீட்ட முடியாது. 'பட்டு', 'முத்து' என்னும் சொற்களின் நடுவே குரல் அடைபட்டு நிற்கும். ம், ன், ல் என்னும் மெய்களிலோ குரல் தடையின்றி ஓடும். வரியின் முடிவில் நெடிய உயிரோசை வருமாறு தேர்ந்த பாடலாசிரியர்கள் சொல்லைத் தேடுவது அழகுக்காக மட்டுமன்று, பாடுபவரின் மூச்சுக்காகவுமாம்.

மூச்சைப் பற்றி இன்னும் ஒன்று. பொதுமொழிக்கு எடுத்துக்காட்டாகத் தாமரை, பலகை ஆகியவற்றை நாம் வகுப்பில் சொல்கிறோம். சேர்த்தால் ஒரு பொருள். 'தா மரை' என்றும் 'பல கை' என்றும் பிரித்தால் வேறு பொருள். இலக்கணத்தில் இது சுவையான ஒரு நூற்பாவோடு முடிந்துவிடும். பாட்டிலோ ஒரு பெரும் இடர். 'தா' என்னும் எழுத்தோடு இசைத்துண்டு முடிந்து, பாடகி அங்கே மூச்சு வாங்கினால், தாமரைக் குளத்தில் மானொன்று நிற்கும். தாளில் படித்துப் பரிசு வழங்கும் நடுவருக்கு இம்மான் ஒருநாளும் புலப்படாது.

இவ்வளவும் பயிற்சியால் வருவன. 'அருள் வாக்கு', 'பிறவிக் கவிஞர்' என்றெல்லாம் நாம் மேடையில் பேசும்போது அப்பயிற்சியைத்தான் மறைக்கின்றோம். கண்ணதாசனை எடுத்துக்கொள்வோம். விசுவநாதன் மெட்டைப் பாடப் பாட, இவர் அடுக்கடுக்காக வரிகளைச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார் என்னும் செய்தி பலமுறை சொல்லப்பட்டது. கேட்போர் அதனை ஓர் அற்புதமாகவே கொள்கின்றனர். அவர் 1949இல் 'கன்னியின் காதலி'யில் முதற்பாடல் எழுதியவர் என்பதையும், விசுவநாதன் - இராமமூர்த்தி இணையோடு அவர் பெயர் பிரிக்க முடியாதபடி நிலைத்தது அதற்குப் பல்லாண்டு பின்னர் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் அவர் பத்திரிகை நடத்தினார், உரையாடல் எழுதினார், அரசியல் மேடை ஏறினார். விரைவு என்பது அக்காலமெல்லாம் சேர்த்துவைத்த வைப்புநிதியே. எழுதிக்கொண்ட உதவியாளரையும் மறத்தலாகாது. அவ்வாறு எழுதிப் பழகிய பஞ்சு அருணாசலம் பின்னர்த் தாமே பாடலாசிரியராகவும் கதாசிரியராகவும் வளர்ந்து, 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாக இளையராஜாவை அறிமுகம் செய்தார். ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிய அந்த அறையே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது.

அதே கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை', 'சிவகங்கைச் சீமை', 'கவலை இல்லாத மனிதன்' எனச் சொந்தமாகப் படமெடுத்துக் கடனாளியானதையும் சொல்லவேண்டும். அவர் அதனை ஒளித்தவர் அல்லர். பாட்டில் அவர் ஈட்டியது பாட்டிலேயே தங்கியிருக்குமானால் அவர் வாழ்வின் போக்கு வேறாக இருந்திருக்கும். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு முறை கூலி என்னும் ஏற்பாட்டில், பாட்டு எத்தனை தலைமுறை ஒலித்தாலும் எழுதியவனுக்கு மேலும் ஒன்றும் வருவதில்லை. ஆகவேதான் அன்றைய பாடலாசிரியர் பலர் முதலாளியாகப் பார்த்தனர். இதனைப் பேராசை என்று எழுதும் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களோடு நான் உடன்படேன்.

பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 1930இல் பிறந்து 1959இல் மறைந்தவர். திரைக்கு எழுதிய காலம் ஏறத்தாழ ஐந்தாண்டு. அவர் புகழுக்கு அவர்தம் பொதுவுடைமைக் கொள்கையே காரணம் என்று நம் திறனாய்வாளர் எழுதுகின்றனர். கொள்கை இருந்தது, மறுக்கவில்லை. அதே கொள்கையோடு எழுதிய வேறு பலரின் பாடல்களை ஏன் யாரும் முணுமுணுப்பதில்லை? வயல்வெளிப் பாட்டின் ஓசை அவர் காதில் இருந்தது. பாரதிதாசனிடம் பழகிய சொல்லொழுக்கம் கையில் இருந்தது. நாடகத்துக்கு எழுதியதால், எந்தச் சொல் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கு எட்டும் என்பதும் தெரிந்திருந்தது. இம்மூன்றும் இன்றிக் கொள்கை மட்டும் இருந்திருப்பின் துண்டறிக்கைதான் கிடைத்திருக்கும்.

வாலியின் கதை மாணவருக்கு இன்னும் பயன்படும். 1958இல் முதற்பாடல், பெயர் நிலைத்தது 1963இல் 'கற்பகம்' வந்த பிறகே. அவ்வைந்தாண்டைப் பற்றி நாம் பேசுவதில்லை. 2013இல் மறையும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதிக் குவித்தார் என்பதைத்தான் பேசுகிறோம். இசையமைப்பாளர் வரலாறும் இத்தகையதே. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டு, ஜி. கே. வெங்கடேஷின் குழுவில் கிதார் வாசித்து, உதவியாளராக உழைத்த பிறகே தம் பெயரில் இசையமைத்தார். ஏ. ஆர். ரகுமான் தந்தையை இழந்த சிறு பருவத்திலேயே பிறர் குழுக்களில் விசைப்பலகை வாசிக்கத் தொடங்கியவர். விளம்பரங்களுக்கு நொடிக்கணக்கில் இசை செய்து, வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டு, 1992இல் 'ரோஜா'வுக்கு வந்தார். அவ்வறை பெரியதொரு மாற்றத்தின் அறிகுறி. வாடகைக் கூடத்தில் மணிக்கணக்கைப் பார்த்துக்கொண்டு செய்த வேலையை, சொந்த அறையில் இரவு முழுதும் திருத்தித் திருத்திச் செய்ய இயன்றது. இன்று ஒரு கணினியைக் கொண்டு அதனைக் கிள்ளான் அடுக்குமாடியிலும் செய்யலாம், ஈசூன் அடுக்குமாடியிலும் செய்யலாம். கருவி எளிதாயிற்று, அதனோடு உரிமை எளிதாகிவிடவில்லை.

உரிமை என்னும் சொல்லைக் கேட்டதும் இலக்கியவாதிகள் முகம் சுளிப்பதுண்டு. பாரதியாரின் பாடல்களுக்கு நேர்ந்ததை அவர்களுக்கு நினைவூட்டலாம். 1921இல் வறுமையில் மறைந்த கவிஞரின் பாடல்களுக்கு, 1940களில் திரையுலகில் விலை ஏற்பட்டது. ஒலிப்பதிவு உரிமை ஏ. வி. மெய்யப்பன் கையில் இருந்தது. 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம்பெறவே, டி. கே. சண்முகத்துக்கும் அவருக்கும் வழக்கு மூண்டது. மக்கள் குரலெழுப்பினர். மெய்யப்பன் தம் உரிமையை விட்டுக்கொடுக்க, 1949இல் ஓமந்தூரார் தலைமையிலான சென்னை அரசு பாரதி படைப்புகளைப் பெற்றுக்கொண்டது. மகாகவியின் வரிகளைப் பாடுவதற்கு ஒரு நிறுவனத்தின் இசைவு வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது என்பதை நம் பாரதி விழாக்களில் ஒருவரும் சொல்வதில்லை.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருந்தும், 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, படத்துக்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்றாயிற்று. மாற்றம் வர 35 ஆண்டு பிடித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரையரங்கிற்கு வெளியே பாடல் பயன்படும்போதெல்லாம் வரும் உரிமைத் தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு; அப்பங்கை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கவும் முடியாது. இதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர் உருதுக் கவிஞர் ஜாவேத் அக்தர். கண்ணதாசன் மறைந்து அப்போது 31 ஆண்டு.

நம் மண்ணுக்கு வருவோம். பினாங்கில் பிறந்த பி. ரம்லியை 1948இல் சிங்கப்பூருக்கு அழைத்தவர் இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். ரம்லி கதைத்தலைவனான முதற்படம் 'பக்தி'யை 1950இல் இயக்கியவர் நம்மவரான எல். கிருஷ்ணன். ஜாலான் அம்பாஸ் படக்கூடத்தில் ரம்லி மெட்டமைக்க, சுடர்மாஜி, ஜமில் சூலோங் போன்றோர் மலாய்ச் சொற்களை ஏற்றினர். சென்னைக் கூடங்களில் நடந்ததே இங்கும் நடந்தது. ரம்லி அங்கே ஊதியத்துக்குப் பணிபுரிந்தார். 1973இல் அவர் மறைந்தபோது வறுமை சூழ்ந்திருந்தது. 'டான்ஸ்ரீ' பட்டம் 1990இல் வந்தது. மலாய்ப் பாட்டுக்கே நிலைமை இதுவென்றால், சிறு சந்தையை நம்பிய தமிழ்ப் பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டுமோ?

இந்நாட்டுத் தமிழ்ப்பாட்டில் 2006இல் வெளிவந்த 'வல்லவன்' தொகுப்பு ஒரு திருப்பம். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் கோலாலம்பூர் இளைஞரின் பேச்சோட்டத்தைத் தாளத்தில் நிறுத்தினர். மூத்தோர் சிலர் அதனைக் கூச்சல் என்றனர். கூர்ந்து கேட்டால் மோனையும் எதுகையும் இயைபும் அதில் மரபுக் கவிஞர் பலரைக் காட்டிலும் விழிப்பாக இயங்குவதைக் காணலாம். வேகப் பேச்சுக்கு அவைதாம் கைப்பிடி. ஆயினும் அத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்ற 'மடை திறந்து', 1980ஆம் ஆண்டு 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலின் மேல் எழுந்தது. அப்படத்தில் அப்பாடல் இசையமைப்பாளனாக உயரத் துடிக்கும் வறிய இளைஞன் ஒருவனின் கனவு. கடல் கடந்த மூன்று இளைஞர் அதே கனவைத் தமதாக்கிக்கொண்டது பொருத்தமே. எனினும், நம் செவி தமிழகத் திரையிசையில் எவ்வளவு ஊறியது என்பதற்கும் அது சான்று. திருமண மண்டபம் முதல் பள்ளிக் கலைவிழா வரை திரைப்பாடல்களையே ஒலிக்கவிட்டுவிட்டு, உள்ளூர்ப் பாடலாசிரியன் ஏன் தோன்றவில்லை என்று நாம் கேட்கிறோம்.

தோன்றுபவன் என்ன ஆகிறான்? என்னிடம் ஆறாம் ஆண்டில் படித்த ஒருவன் இன்று பாட்டெழுதி இசையும் சேர்க்கிறான். ஒரு நிறுவனத்தின் விளம்பரத்துக்கு எழுதிக்கொடுத்தான். 300 வெள்ளி தந்தார்கள். தாள் ஒன்றும் இல்லை. அப்பாட்டு மூன்றாண்டாக ஒலிக்கிறது. தாளில்லாததால் உரிமை தன்னிடமே இருக்கும் என்று அவன் எண்ணியிருந்தான். 1987ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டமோ வேறு விதமாகச் சொல்கிறது. ஒருவர் பணித்து எழுதுவித்த படைப்பின் உரிமை, மாறான உடன்பாடு இல்லாவிடில், பணித்தவருக்கே போய்ச் சேரும். எழுதியவனுக்கு உரிமை வேண்டுமாயின் தாள் வேண்டும். யாப்பருங்கலக்காரிகையைக் கற்பித்த நாம் இதனை அவனுக்குக் கற்பிக்கவில்லை. பாட்டு பொதுவில் ஒலிக்கும்போது தொகை வசூலித்துத் தரும் அமைப்பு 1989 முதல் இங்கே உண்டு. சிங்கப்பூரில் 1987 முதல் உண்டு. நம் பட்டறைகளில் இவற்றின் பெயரை நான் கேட்டதில்லை. உவமை பற்றியும் படிமம் பற்றியும் காலை முதல் மாலை வரை கேட்டிருக்கிறேன்.

பாடல் எழுதும் போட்டிகளில் நான் நடுவராக அமர்ந்ததுண்டு. கட்டுக்கட்டாகத் தாள்கள் வரும். நாங்கள் மூவர் மௌனமாகப் படித்து மதிப்பெண் இடுவோம். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறையும். பாட முடியாமைக்குக் குறையாது. பாடிக்காட்டிய ஒலிப்பதிவையும் உடன் அனுப்புக என்று போட்டி அறிவிப்பில் ஒரு வரி சேர்ப்பது கடினமன்று. கைப்பேசியில் பதிந்த குரலே போதும். பரிசு பெற்ற பாடலின் உரிமை எழுதியவருக்கே உரியது என்று இன்னொரு வரியும் சேர்க்கவேண்டும். நான் பார்த்த விதிமுறைகளுள் பலவற்றில் இதற்கு நேர்மாறான வரியே அச்சிடப்பட்டுள்ளது.