குண்டு ஒன்றுதான், தரை பல

புதுச்சேரியின் கருவடிக்குப்பத்திலிருந்து கிழக்கே போனால் கடல் மணல். மேற்கே இலாசுப்பேட்டை, கோரிமேடு பக்கம் ஏறினால் செம்மண் மேடு. ஒரே ஊருக்குள் இப்படி மாறி மாறித் தரை இருப்பதால், உலோகக் குண்டை எறிந்து ஆடும் பெத்தாங் பழகத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் வரும் முதல் கேள்வி, எந்தக் குண்டை வாங்குவது என்பதுதான்.

பிரான்சின் லா சியோத்தா ஊரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஆட்டம் இது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் இதை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

டென்பின் பௌலிங் வீரர் பையில் நாலைந்து பந்துகளோடு வருவார். பாதையில் எண்ணெய் அதிகமென்றால் பிடிப்புள்ள ரெசின் பந்து, காய்ந்திருந்தால் வழவழப்பான பிளாஸ்டிக் பந்து என்று நடுவிலேயே மாற்றிக்கொள்வார். பெத்தாங்கில் அது நடக்காது. ஆட்டம் தொடங்கிவிட்டால், குண்டு தொலைந்தாலோ உடைந்தாலோ தவிர மாற்றக்கூடாது என்பது விதி. 13 புள்ளி வரை எடுத்த குண்டோடுதான் போராட வேண்டும். அதனால் தேர்வு முழுவதும் களத்துக்கு வெளியே முடிந்துவிட வேண்டும்.

போட்டிக் குண்டின் விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டர், எடை 650 முதல் 800 கிராம். இதற்குள் முதலில் பார்க்க வேண்டியது கையளவு. கையில் அடங்காத குண்டு எந்தத் தரையிலும் உதவாது. அடுத்தது உங்கள் வேலை. கொஷோனே எனும் சிறு உருண்டைக்குப் பக்கத்தில் சேர்ப்பவருக்கு 710 கிராமுக்கு மேல், சற்றே சிறிய, வரியிட்ட குண்டு பொருந்தும். எதிராளி குண்டை அடித்து விலக்குபவருக்கு 700 கிராமையொட்டி, சற்றே பெரிய, வழவழப்பான குண்டு கைக்கு இதம்.

இனி தரை. சித்திரை, வைகாசியில் செம்மண் இறுகிக் கிடக்கும். மேலே சரளைக்கல் சிதறியிருந்தால், இலேசான குண்டு கல்லில் பட்டதும் திசை மாறும். எடை கூடிய குண்டு போட்ட வழியிலேயே ஓடும். மென்மையான உலோகக் குண்டு தரையில் விழும்போது குறைவாகத் துள்ளும், அதனால் கட்டாந்தரையில் நம்பலாம். ஆனால் சீக்கிரம் தேயும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னும், மணற்பாங்கான இடத்திலும் கதை வேறு. விழுந்த இடத்திலேயே குண்டு புதையும், உருட்டினால் பாதி வழியில் நிற்கும். அங்கே கனமான சிறு குண்டு கையைச் சோர்வாக்கும். வரிகளில் ஈர மண்ணும் அப்பும். ஒவ்வொரு முறையும் துடைக்கத் துணி வேண்டும்.

ஆனால் 20 கிராம் வித்தியாசம் செய்வதைவிட, விழும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது அதிகம் செய்யும். இறுகிய தரையில் உயர்த்திப் போட்டு, பின்சுழற்சியால் நிறுத்த வேண்டும். சமதரையில் தாழ்வாக விட்டு உருட்டலாம். மணலில் கொஷோனேவுக்கு மிக அருகே கொண்டு போய் இறக்க வேண்டும். எறியும் வட்டத்துக்குள் நிற்கும் முன், கொஷோனே வரையிலான 6 முதல் 10 மீட்டரை நடந்து பாருங்கள். முந்தைய குண்டு பறித்த ஒரு குழியை மூட விதி அனுமதிக்கிறது, பலர் அதைக்கூடப் பயன்படுத்துவதில்லை.

கடலோர ஊர் என்பதையும் மறக்கக்கூடாது. கார்பன் எஃகுக் குண்டு கைக்குப் பிடிப்பாக இருக்கும், ஆனால் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஆடி முடித்ததும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கமில்லாதவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்கலாம். விலை கூடினாலும் பல ஆண்டு உழைக்கும்.

என் தீர்ப்பு இது: புதுச்சேரித் தரைகளுக்குக் கையளவுக்குச் சரியான, 700 முதல் 710 கிராமுக்குள், ஓரிரு வரியுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குண்டுதான் முதல் செட்டாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், எடை, வரிசை எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொழுதுபோக்குச் செட்டுகள் போட்டிக்குச் செல்லாது. மூத்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதிதாக வரும் பிள்ளைகள் கடைக்குப் போகும் முன், உங்கள் குண்டுகளை ஒரு மாலை அவர்கள் கையில் கொடுத்து, மணலிலும் செம்மண்ணிலும் போட்டுப் பார்க்க விடுங்கள்.