கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் நூல்

மூக்குக்கண்ணாடி ஓர் ஊன்றுகோல். ஒருமுறை அணிந்தால் பவர் ஏறிக்கொண்டே போகும். கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் கண்ணாடியே தேவைப்படாது. இவ்வாறு சொல்பவர்களை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். சொல்பவர்கள் அறியாவிட்டாலும், இக்கருத்தைப் பரப்பியதில் பெரும்பங்கு நியூயார்க் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920இல் வெளியிட்ட நூலுக்கு உண்டு. கண்ணாடியின்றியே முழுமையான பார்வை பெறலாம் என்பது அதன் முழக்கம். ஆசிரியர் 1931இல் மறைந்த பின்னும் நூல் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி இம்முறையைப் புகழ்ந்து 1942இல் தனி நூலே எழுதினார். பேட்ஸ் முறையாகப் பயின்ற மருத்துவர். ஆகவே கேலி செய்து ஒதுக்கினால் போதாது. அவர் கூற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அருகிலும் தொலைவிலும் மாறி மாறித் தெளிவாகக் காண்பதற்குக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் காரணமன்று என்கிறார் பேட்ஸ். விழிக்கோளத்தின் வெளியே ஒட்டியுள்ள தசைகளே அதனை அழுத்தி நீட்டுகின்றன, குறுக்குகின்றன. மன இறுக்கத்தால் இத்தசைகள் தளராமல் நின்றுவிடுவதே பார்வைக் கோளாறு. இறுக்கம் போனால் கோளாறும் போய்விடும். உள்ளங்கைகளால் கண்களை மூடியிருத்தல், உடலை ஊசல்போல் ஆட்டுதல், சூரியனைப் பார்த்தல் ஆகியவை அவர் கூறும் வழிகள்.

இதற்கான விடை அந்நூலுக்கு 119 ஆண்டுகள் முன்பே, 1801இல் வெளியாகிவிட்டது. இங்கிலாந்தின் தாமஸ் யங் தம் கண்ணையே சோதனைக்கூடமாக்கினார். கண்ணை நீரோடு பொருத்திக் கருவிழிப்படலத்தின் ஒளிவிலக்கும் ஆற்றலை நீக்கினார். அதற்கு ஈடாக வெளியே ஒரு லென்ஸை வைத்தார். அப்போதும் அருகே பார்க்கும் திறன் குறையவில்லை. பிறகு விழியை மூக்கின் பக்கம் திருப்பி, முன்னும் பின்னும் உலோக வளையங்களால் பிடித்து, நீளாதபடி தடுத்தார். (படிக்கும்போதே நமக்குக் கண் கூசுகிறது!) அப்போதும் திறன் அப்படியே இருந்தது. கண்புரைச் சிகிச்சையில் லென்ஸை இழந்தவர்களிடம் மட்டுமே அது காணப்படவில்லை. பேட்ஸோ மீன்களின் கண்களில் செய்த சோதனைகளைப் பெரிதும் நம்பினார். மீனின் லென்ஸ் நம்முடையதுபோல் வடிவம் மாறுவதில்லை, இடம் பெயர்கிறது. மீனின் கண்ணை வைத்து மனிதக் கண்ணுக்குத் தீர்ப்பெழுத முடியுமா?

இவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. பார்வைப் பரிசோதகரின், அதாவது ஆப்டோமெட்ரிஸ்டின், இருட்டறையில் இச்சோதனை நாள்தோறும் நடக்கிறது. குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறார்கள். லென்ஸின் வடிவத்தை மாற்றும் உள்தசை சில மணி நேரம் செயலிழக்கிறது. வெளித்தசைகள் ஆறும் நன்றாகவே இயங்குகின்றன. விழி எல்லாத் திசைகளிலும் சுழல்கிறது. ஆனால் கையிலுள்ள புத்தகத்தின் எழுத்துகள் மங்கிவிடுகின்றன. வெளித்தசைகளே வேலை செய்கின்றன என்றால் ஏன் மங்க வேண்டும்?

இந்நிலையில்தான் பரிசோதகர் ரெட்டினாஸ்கோப் என்னும் கருவியின் ஒளிக்கீற்றைப் பாவைக்குள் செலுத்தி, அது திரும்பி வரும்போது எப்பக்கம் நகர்கிறது என்று பார்க்கிறார். லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து அந்த நகர்வை நிறுத்துகிறார். குழந்தை ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. மன இறுக்கத்திற்கும் அங்கே இடமில்லை. மருந்தால் தசை தளர்ந்த பின்னும் கிட்டப்பார்வை எஞ்சி நிற்கிறதென்றால், பெரும்பாலும் விழிக்கோளமே நீண்டிருக்கிறது என்று பொருள். ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுள்ள விழி ஒரு மில்லிமீட்டர் கூடினாலே சுமார் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் கிட்டப்பார்வை வந்துவிடும். உள்ளங்கையை வைத்து மூடினால் அந்த நீளம் குறையாது.

அப்படியானால் பயிற்சியால் பலன் கண்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. கண்ணை இடுக்கினால் சிறு துளை வழியே பார்ப்பதுபோல் தெளிவு கூடும். கண்ணீர்ப் படலம் சற்றுத் தடித்தாலும் ஒரு கணம் எழுத்து பளிச்சிடும். அட்டை மனப்பாடமாகிவிடுவதும் உண்டு. உண்மையாகவே உள்தசை இறுகி, போலிக் கிட்டப்பார்வை ஏற்படுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு உதவும். நூலில் உள்ள உண்மை அவ்வளவே.

கண்ணாடியால்தான் பவர் ஏறுகிறது என்ற வாதமும் நிற்பதில்லை. மலேசியாவில் 94 குழந்தைகளிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், முழுப் பவர் அணிந்தவர்களைவிட, 0.75 டயாப்டர் குறைத்து அணிந்தவர்களுக்கே கிட்டப்பார்வை சற்று வேகமாக வளர்ந்தது. சூரியனைப் பார்க்கும் அறிவுரையோ கொடியது. விழித்திரை வெந்து நிலையான குறை ஏற்படலாம். வெயில் வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பது இன்று தெரிந்த செய்தி. ஆனால் வெளிச்சத்தில் நிற்பது வேறு, சூரியனை நோக்குவது வேறு.

பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் பேருந்துப் பலகை தெரியாது. மறுநாள் மீண்டும் அணியலாம். குழந்தைக்கு அந்த வசதி இல்லை. ஒரு கண்ணில் மட்டும் அதிகக் குறை இருந்தால், மூளை அக்கண்ணின் மங்கலான காட்சியைப் புறக்கணிக்கப் பழகிவிடும். இதுவே சோம்பற்கண். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை மறைத்து வைத்தால் பெரும்பாலும் மீட்கலாம். வயது ஏற ஏற அது கடினமாகும். உள்ளங்கையால் கண்ணை மூடி வைத்த ஆண்டுகள் அக்குழந்தைக்குத் திரும்பி வருவதில்லை.

இருந்தும் இந்நூல் ஏன் வாழ்கிறது? குற்றத்தில் ஒரு பங்கு கண்ணாடி விற்பவர்களுக்கும் உண்டு. இயந்திரத்தில் முகத்தை வைத்து, அது அச்சிட்ட எண்ணை அப்படியே எழுதி, ஐந்து நிமிடத்தில் அனுப்பும் கடைகள் எத்தனை! சொட்டு மருந்தின்றிக் குழந்தையை இயந்திரத்தில் மட்டும் பார்த்தால், கிட்டப்பார்வை மிகுதியாகக் காட்டக்கூடும். தவறான கண்ணாடியால் தலைவலி வந்தவர் பேட்ஸின் பக்கம் சாய்வதில் வியப்பென்ன? ஒரே நபருக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு எண் வருவதேன் என்று பேட்ஸ் கேட்டார். அது நியாயமான கேள்வி. இயந்திரம் தரும் எண் ஒரு தொடக்கம்தான். இரு கண்களையும் தனித்தனியே பார்த்து, சேர்ந்து இயங்குகின்றனவா என்று கவனித்து, படிக்கும் தூரத்திலும் சோதித்து, லென்ஸால் தெளியாத மங்கலைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்புவதே பரிசோதகரின் வேலை.

நூலில் ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வகுப்பறையில் ஸ்நெல்லன் எழுத்தட்டையை மாட்டி, மாணவர் நாள்தோறும் படிக்க வேண்டும் என்றார் பேட்ஸ். படிப்பதால் கிட்டப்பார்வை தடைபடாது. ஆனால் ஒரு கண்ணை மூடி ஒருமுறை, மறு கண்ணை மூடி ஒருமுறை என்று படிக்கச் சொன்னால், ஒரு கண் பின்தங்கிய பிள்ளை யார் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.