கடலடியில் முதற்பாடம்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும், தூத்துக்குடிப் பக்கமாயினும் அரிப்புப் பக்கமாயினும், முத்துக் குளித்தவர்கள் கல்லைக் காலிற் கோத்து, கயிற்றைப் பற்றி, மூச்சை அடக்கியே இறங்கினர். காற்றுருளையை முதுகிற் சுமந்து இறங்கும் ஸ்கூபா என்னும் நவீன வித்தையிலோ அந்த மூச்சடக்கமே மாணாக்கனின் முதற் குற்றம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காதலால், அங்கே உருளையிலிருந்து இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலெழுபவனுடைய சுவாசப்பை விரிந்து கிழியக்கூடும். பாடம் எங்கும் இதுவே. கற்கும் காலத்திலும் போக்கிலுமே இலங்கையும் இந்தியாவும் வேறுபடுகின்றன.

வாடைக் காலத்திற் கொந்தளிக்கும் திருகோணமலைக் கடல் வைகாசி முதல் புரட்டாசி வரை தெளிந்திருக்க, அப்போது தென்மேற்குப் பருவக்காற்றாற் கலங்கிக் கிடக்கும் ஹிக்கடுவைக் கடல் மார்கழியை ஒட்டித் தெளிவடைகிறது. ஆகவே கரையை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பவனுக்கு இலங்கையில் ஆண்டின் பெரும்பகுதியும் அப்பியாச காலமே. நிலாவெளியிலிருந்து சிறிது நேரப் படகோட்டத்தில் அடையும் புறாத்தீவு, 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் பவளப்பாறைகளைச் சுற்றி, ஆழங்குறைந்த நீரிலேயே சிறு சுறாக்கள் சாதுவாய் உலவும். 1956 இல் இலங்கையிற் குடியேறிய ஆர்தர் கிளார்க் கோணேசர் மலையடியில் மூழ்கி ஆராய்ந்ததும் இப்பக்கத்துக் கடலைத்தான். (மட்டக்களப்புக்கு அப்பால், 1942 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பலைக் காண ஆசைப்படும் புதியவர்கள் உண்டு, 50 மீட்டருக்கும் கீழே கிடக்கும் அது, 18 மீட்டரோடு நிறுத்தப்படும் தொடக்க மாணாக்கனுக்கு உரியதன்று.)

தமிழ்நாட்டானுக்கு வாசலிலேயே மன்னார் வளைகுடாத் தீவுகள் இருந்தும், அவை காப்பகமாதலால், அவன் புதுச்சேரிக்கோ, விமானமும் கப்பலும் மாறி அந்தமானின் ஹேவ்லாக்குக்கோ போகிறான். ஹேவ்லாக்கின் நீர் பளிங்கு. ஆயினும் தூரமும் செலவும் அவசரத்தை வளர்க்க, ஆசிரியர் உருளையைப் பிடித்து நடத்திச்செல்ல, ஒரே முறை இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரே அங்கு மிகுதியாகத் தென்படுகின்றனர். அதனைத் தரிசனம் எனலாம், பயிற்சியென்று நான் சொல்லேன். முகக்கண்ணாடியிற் புகுந்த நீரை ஊதி வெளியேற்றவும், காதடைப்பை நீக்கிக்கொண்டே இறங்கவும், வாயினின்று நழுவிய குழாயைப் பதறாமல் மீட்கவும் மூன்று நான்கு நாள் அவகாசம் வேண்டும்.

அந்தமானிலிருந்து மீள்பவன், பலமுறை மூழ்கியபின் 18 மணி நேரமேனும் கழித்தே விமானமேற வேண்டுமென்ற நியமத்தை ஆசிரியர் வாயிலாகக் கேட்டே வருவான். திருகோணமலையிலிருந்து காரிற் கிளம்புபவனுக்கோ அந்த நினைவே எழுவதில்லை. மாலைக்குள் அவன் சேரக் கருதும் நுவரெலியா, கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது.