மழையில் மனிதனின் பங்கு எவ்வளவு?

2015 டிசம்பர் முதல் தேதி சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டு ஓடியது. புவி வெப்பமயமாதலே காரணம் என்றனர் சிலர். பசிபிக் கடற்பரப்பு சூடாகும் எல் நினோ ஆண்டில் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்வது இயல்புதானே என்றனர் வேறு சிலர். இந்த வழக்கைத் தரவுகளைக் கொண்டு தீர்க்க முயல்வதுதான் காலநிலைக் காரண ஆய்வு.

நாம் வாழும் பூமியையும், பசுங்குடில் வாயுக்கள் பெருகாத ஒரு பூமியையும் கணினியில் உருவாக்குகிறார்கள். அதே அளவு வெயிலோ மழையோ இரண்டிலும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, பழைய அளவீடுகளோடு ஒப்பிடுகிறார்கள். 2003-இல் ஐரோப்பாவை வாட்டிய கோடையைக் காலநிலை ஆய்வாளர் பீட்டர் ஸ்டாட் குழுவினர் இப்படி ஆராய்ந்தனர். அத்தகைய வெப்பத்துக்கான வாய்ப்பை மனிதச் செயல்பாடு குறைந்தது இரு மடங்காக்கியிருக்கும் வாய்ப்பே மிக அதிகம் என 2004-இல் எழுதினர். வீண் வாக்குவாதத்தை அளக்கக்கூடிய கேள்வியாக்கியதே இம்முறையின் பெரும் பலம்.

2015 சென்னை மழையை இம்முறையில் ஆராய்ந்த காலநிலை ஆய்வாளர் வான் ஓல்டன்போர்க்கின் குழு, வெப்பமயமாதலின் விளைவு தென்படவில்லை என்றது. எதிர்பார்த்த விடைக்காகத் தரவை வளைக்காத அந்த நேர்மையை மெச்ச வேண்டும். ஆனால் முறையின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். புகையிலுள்ள நுண்துகள்களோ வெயிலை மறித்துக் குளிர்விக்கும். இரண்டுமே மனிதன் செய்தவை. ஒன்றையொன்று ஈடுகட்டினால் கணக்கில் எதுவும் மிஞ்சாது. அந்தக் குழு சொன்ன விளக்கமும் இதுவே. ஆகவே விளைவு தென்படாததை வைத்து மனிதனுக்குப் பங்கே இல்லை என்று முடிவுகட்டுவது பிழை.

கேள்வியை வரையறுப்பதிலும் சிக்கல் உண்டு. ஆய்வு ஒருநாள் மழையை எடுத்துக்கொண்டது. நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பிவிட்டிருந்தன என்பது அந்தக் கணக்குக்குள் வராது. ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்கும் நம் மழையில், மெல்ல வளரும் மாற்றத்தைப் பிரித்தறியவும் நீண்டகாலப் பதிவு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மழைமானி அளப்பது வானிலிருந்து விழும் நீரை மட்டுமே. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதையும், அடையாற்றங்கரை ஆக்கிரமிப்பையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்ட விதத்தையும் அது காட்டாது.

இந்த ஆய்வு முறை நமக்குத் தேவை. ஆனால் நீர்நிலைக் கணக்கும் நிலப் பயன்பாட்டுக் கணக்கும் அதனோடு சேர வேண்டும். மழையில் மனிதத் தடம் தெரியவில்லை என்ற முடிவு, ஏரிகளைக் கூறுபோட்டு விற்றவர்களுக்கு நற்சான்று ஆகாது.