தனித்தேர்வருக்குக் கணினி ஏன் கிடையாது?

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பிறகு பள்ளிப் பக்கமே போகாமல் பிளஸ் டூ எழுதத் தமிழ்நாட்டில் வழியுண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் கணக்கில் அவர் நேரடித் தனித்தேர்வர். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் எல்லாம் எடுக்கலாம். கணினி அறிவியல் எடுக்க முடியாது. செய்முறைத் தேர்வுள்ள பாடம் எதுவும் நேரடித் தனித்தேர்வருக்கு இல்லை என்பது விதி. அதில் கணினிப் பயன்பாடுகளும் சேர்ந்தே அடிபட்டுப்போகிறது.

ஓசூரில் இந்த விதி கூடுதலாக உறுத்துகிறது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த ஊர். இன்று பக்கத்திலேயே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்களைச் செய்கிறது; அதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா மின்ஸ்கூட்டர் தயாராகிறது. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியே போனால் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி. இங்கே பத்தாவது முடித்து கான்ட்ராக்டில் சேர்ந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீடு திரும்புகிறாள். கம்ப்யூட்டர் படிச்சா மேல வந்துடலாம் என்று அவளுக்குச் சொல்லாத ஆள் இல்லை. தேர்வுத் துறையின் சேவை மையத்துக்கு விண்ணப்பிக்கப் போனால்தான் அந்தப் பாடம் உனக்கில்லை என்பார்கள்.

விதியின் பக்கமும் நியாயம் உண்டு. கந்தக அமிலத்தைப் பிப்பெட்டில் எடுக்கப் பழகாதவரை வேதியியல் ஆய்வகத்தில் விட முடியாது. கணினி அறிவியலில் ஆபத்து இல்லை, ஆனால் மதிப்பெண் சிக்கல் இருக்கிறது. நூறில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறையின் 20-லும் 5 பதிவேட்டுக்குப் போகிறது. பள்ளியே இல்லாதவருக்கு அகமதிப்பீட்டை யார் போடுவது? பதிவேட்டில் யார் கையெழுத்திடுவது? கேள்வி சரியானதுதான்.

ஆனால் அந்தச் செய்முறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு மொத்தம் பத்துப் பயிற்சிகள். பைத்தானில் ஓர் எண்ணின் தொடர்பெருக்கம் காண்பது, சொல்லைத் திருப்பி எழுதுவது, பகா எண்களைப் பிரிப்பது. மைஎஸ்க்யூஎல்லில் ஊழியர் அட்டவணை ஒன்றை உருவாக்கிக் கேள்வி கேட்பது. இரண்டு மென்பொருளும் இலவசம். பழைய மடிக்கணினி ஒன்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே முடித்துவிடலாம். பள்ளி மாணவர்களிலேயே பலர் அந்தப் பத்து நிரல்களையும் திருக்குறள் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டுதான் தேர்வறைக்குள் போகிறார்கள். பள்ளி மேற்பார்வை எதைக் காக்கிறது என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

இதைவிட வலுவான சான்று இயக்ககத்தின் கைவசமே இருக்கிறது. பள்ளியில் இதே பாடத்தைப் படித்துத் தவறியவர், பின்னால் தனித்தேர்வராக அதைத் திரும்ப எழுதலாம். செய்முறை பாக்கி இருந்தால் அவருக்கும் ஒரு பள்ளியில் தேர்வு நடக்கிறது. ஏற்பாடே இல்லை என்ற வாதம் இங்கே உடைகிறது. மிஞ்சுவது வழக்கம்தான்.

வெளியேயும் பார்க்கலாம். இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளும் எழுதுகிறார்கள், தமிழிலேயே எழுதலாம். இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ கணினி அறிவியலுக்கான செயல்திட்டப் பணியின் கேள்விகளும் விடைகளும் இணையத்தில் உலவத் தொடங்கியதும், 2018 தேர்வில் அந்தப் பணிக்கான 20 சதவீதத்தைத் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவல் தரத்துக்குக் கணக்கிடவே இல்லை. பாடம் செத்துவிடவில்லை. நம் நாட்டிலேயே தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ் கணினி அறிவியலைச் செய்முறையோடு திறந்தநிலையில் நடத்துகிறது.

இவ்வளவும் விதிக்கு எதிரான தீர்ப்பு. அந்தப் பெண்ணுக்கான தீர்ப்பு வேறு. இந்தப் பாடத்துக்காக அவள் ஓராண்டுகூடக் காத்திருக்க வேண்டாம். தொழிற்சாலை வாசலில் கேட்பது பிளஸ் டூ தேர்ச்சியைத்தான், எந்தப் பிரிவு என்று துருவுவதில்லை. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃபுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல்தான். பி.சி.ஏ. நுழைவு விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால், கணிதமோ கணினியோ கேட்கும் இடத்தில் மட்டும் அவளுக்கு உண்மையான இழப்பு. பட்டம் கேட்கும் டிஎன்பிஎஸ்சி தேர்வை எழுத நினைத்தால் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முறிந்திருக்கக் கூடாது. அதற்கு வணிகவியல் பிரிவு போதும். பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்திருந்தால் தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதிப் பிளஸ் டூவுக்கு இணைச் சான்று பெறலாம். டைப்பிங் தெரிந்தால், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அலுவலகத் தானியங்கிக் கணினிச் சான்றிதழுக்குத் தனியாகவே உட்காரலாம், அரசின் தட்டச்சர் பணிக்கு அது கேட்கப்படுகிறது.

ஆனால் அவள் சுற்றிக்கொண்டு போய்விடுவாள் என்பதால் விதி சரியாகிவிடாது. அகமதிப்பீட்டின் பத்தையும் பதிவேட்டின் ஐந்தையும் தனித்தேர்வருக்கு நீக்கி, அந்தப் பதினைந்தையும் செய்முறையில் சேர்த்து, மனப்பாடத்துக்கு அகப்படாத புதுக் கேள்வியாகக் கொடுக்கலாம். ஆள்மாறாட்ட பயத்துக்குத் தேர்வறையில் ஆதார் சரிபார்ப்பு போதும். 6,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவை பூட்டித்தான் கிடக்கின்றன.